மேல்மடைக் காற்று

அன்று காலை காத்தாடி டவர்களின் வாசலில் செருப்புகள் கிடந்தன. ஒன்றிரண்டு டவர் என்றால் உலகம்மை கண்டுகொண்டிருக்க மாட்டாள். அவள் பிரிவில் வரிசையாக இருநூறு டவர்கள், ஒவ்வொன்றின் இரும்புக் கதவுக்கு முன்னாலும் ஒரு ஜோடி. லாரி டயரை வெட்டித் தைத்த பட்டைச் செருப்பு, வார் பிய்ந்த ரப்பர் செருப்பு, குதிகால் தேய்ந்து ஓட்டை விழுந்தது எனப் பல தினுசு. பறந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைத்திருந்தார்கள். ஜீப்பை நிறுத்திய பிறகும் அவள் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் செருப்பு கிடந்தால் என்ன அர்த்தம் என்று அந்த ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். மேலே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர்கள் நம் ஆட்கள்தான். ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் காத்தாடி ஏறி இறங்கிப் பழகிய ஒரு கூட்டம்தான் முதலில் இங்கே வேலைக்கு வந்தது. கம்பெனி கொடுத்த பூட்ஸை டவருக்குள் போய் மாட்டுவார்கள், காலில் கிடந்த செருப்பை வழக்கம்போல் வாசலில் விடுவார்கள். ஆள் உள்ளே இருப்பதைச் சொல்லக் கம்பெனி வைத்த கருவிகள் மணல் புகுந்து மாதத்துக்கு ஒருமுறை பொய் சொல்லின. செருப்பு பொய் சொல்லவில்லை. போகப் போக அதுவே சட்டமாகிவிட்டது. வாசலில் செருப்பு இருந்தால் இறக்கையை அசைக்கக் கூடாது, அந்தச் செருப்பை உரியவரைத் தவிர வேறு யாரும் எடுக்கவும் கூடாது. கேமராக்களைக்கூடக் கதவைப் பார்த்து வைக்காமல் கதவின் காலடியைப் பார்த்து வைத்திருந்தார்கள்.

உலகம்மை ரேடியோவை எடுத்து, கட்டுப்பாட்டு அறையில் இருந்த தாணுலிங்கத்தைக் கூப்பிட்டாள். முழு வரிசைக்கும் அவர்தான் தலைமைப் பொறியாளர். ஆரல்வாய்மொழிக்காரர், ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்.

"பாத்துட்டேன்," என்றார் அவர். "எல்லாம் வெத்துச் செருப்பு. ஊர்க்காரனுவ திறக்க விடாம பண்ணுதானுவ. நீ உன் பிரிவு காலின்னு உறுதி சொல்லு, நான் அமுக்குதேன்."

அமுக்குவது என்றால் காற்றைத் திறந்துவிடுவது. அது என்ன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பூமியின் தெற்குப் பாதியிலிருந்து கிளம்பும் காற்று ஆப்பிரிக்காவின் கிழக்கோரம் வந்து மலைகளில் முட்டும். மேற்கே வழியில்லாததால் மலையை ஒட்டியே வடக்கே ஓடி, கடலில் இறங்கி, அரபிக்கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வந்து சேரும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்புகிறோமே, அந்தச் சாரல் இங்கிருந்து வருவதுதான். ஒரு கண்டத்தின் மலை இன்னொரு கண்டத்துக்கு மழை அனுப்புகிறது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் இது காலம் காலமாக நடந்தது.

பிறகு அந்த மலையோரம் முழுக்கக் காத்தாடி நட்டார்கள். அறுபது மாடி உயரத்தில், அடுத்தடுத்து, மைல்கணக்கில். பாதிக் கண்டத்துக்கு வெளிச்சம் கிடைத்தது. காற்றின் வேகத்தை இப்படி உறிஞ்சினால் அந்தப் பக்கம் மழை என்னாகும் என்று கேட்டவர்களை வளர்ச்சிக்கு விரோதி என்றார்கள். சில வருஷத்தில் கேரளத்தில் மழை பாதியானது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மிச்சம் மீதி தென்காசிக்கு எட்டவேயில்லை. குற்றாலத்தில் பாறை மட்டும் இருந்தது.

கீழ்மடைக்காரனின் நிலைமையைத் தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆணையம், நடுவர், நிபுணர் குழு, இடைக்காலத் தீர்ப்பு, தடை உத்தரவு எல்லாம் வரிசையாக வந்தன. தண்ணீருக்குப் பார்த்த அதே கூத்தைக் காற்றுக்கும் பார்த்தோம். கடைசியில், வருஷத்துக்கு ஒருமுறை, பருவம் தொடங்கும்போது இருபது நாளைக்கு இறக்கைகளையெல்லாம் பக்கவாட்டில் திருப்பிக் காற்றை அதன் போக்கில் விட வேண்டும் என்று தீர்ப்பானது. மொத்த வரிசையையும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். ஒரு பிரிவை மட்டும் விட்டுவைத்தால் அத்தனை காற்றும் அங்கே பாய்ந்து டவரை முறித்துவிடும்.

அந்த வருஷமும் உத்தரவு வந்தது. ஆனால் செருப்பு கிடந்த அன்றே மதியத்துக்குள் திறந்தாக வேண்டும், ஏனென்றால் மின்சாரம் வாங்கும் நகரங்கள் தடை கேட்டுப் போட்ட மனு மதியம் விசாரணைக்கு வருகிறது. பருவக்காற்றின் முதல் வேகமும் அன்றுதான் மலையைக் கடக்கிறது. உலகம்மையின் தம்பி ஆவுடையப்பன் தென்காசியில் நாற்றுப் பாவிவிட்டுக் காத்திருந்தான். போன வருஷம் தாமதமாகத் திறந்ததால் அதையும் சேர்த்து இரண்டு ஆனி பொய்த்துவிட்டது. இந்த முறையும் பொய்த்தால் ஊரைக் காலி செய்துவிட்டுக் கிழக்கே கடற்கரைக் குடியிருப்புக்குப் போக வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அவர்கள் தெருவில் பாதி வீடு அதற்கு முன்பே பூட்டிக் கிடந்தது.

ஆகவே அவளுக்கும் அமுக்கத்தான் ஆசை. தாணுலிங்கம் சொல்வது அநேகமாக உண்மை என்றும் தெரிந்தது. இருநூறு பேர் ராத்திரியோடு ராத்திரியாக அறுபது மாடி ஏறி உட்கார முடியாது. ஆனால் ஒருவர் முடியும். இறக்கைகள் மூன்றும் வந்து சேரும் இடத்தை மூக்கு என்பார்கள். ஆள் நுழையும் அளவுக்கு ஒரு இரும்புப் பானை மாதிரி இருக்கும். இறக்கையைத் திருப்பும் பற்சக்கரங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. திருப்பும் நேரத்தில் அங்கே யாராவது இருந்தால் அரைத்துவிடும்.

அன்று வேலைக்கு வராத ஆள் ஒருத்தி இருந்தாள். தார்மி.

தார்மி அந்த மண்ணின் கப்ரா இனத்தவள், ஒட்டகம் மேய்த்த குடும்பம். ஏழு வருஷமாக உலகம்மையின் பிரிவில் டவர் ஏறுகிறாள். நம் ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவாள், அதுவும் தென்காசித் தமிழ். உலகம்மை ஜீப்பை மெதுவாக ஓட்டி ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு போனாள். பத்தொன்பதாம் டவரில் பச்சைக் கயிறு கட்டிய டயர் செருப்பு கிடந்தது. தார்மியுடையது. அந்த டவரில் லிஃப்ட் கெட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

"அண்ணாச்சி, பத்தொம்பதுல தார்மி இருக்கா. நான் ஏறிப் பாக்குதேன், அதுவரைக்கும் அமுக்காதீங்க," என்று ரேடியோவில் சொன்னாள். மணல் காற்றில் கரகரவென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. சரி என்றாரா, என்ன என்று கேட்டாரா என்று புரியவில்லை. மறுபடியும் சொன்னாள். மறுபடியும் கரகரப்பு.

கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வர நேரமில்லை. தன் செருப்பைக் கழற்றித் தார்மியின் செருப்புக்குப் பக்கத்தில் விட்டாள். அவளுடைய வலது செருப்பில் வார் அறுந்து, ஊக்குக் குத்தியிருந்தது. ஆப்பிரிக்காவில் சம்பாதித்தும் ஊக்குச் செருப்பா என்று தாணுலிங்கம் பார்க்கும்போதெல்லாம் கேலி செய்வார். மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள்.

ஏணி முடிகிற பாடாக இல்லை. இரும்புக் குழாய்க்குள் ரேடியோ சுத்தமாகச் செத்துவிட்டது. மேலே ஏற ஏற, டவர் லேசாக ஆடுவது காலில் தெரிந்தது. கீழே ஒருவர் விரலைப் பொத்தானுக்கு மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு நான் இங்கே இருப்பது தெரியுமா தெரியாதா என்ற நினைப்பு ஒவ்வொரு படிக்கும் கூடவே ஏறியது.

தார்மி மூக்குக்குள்தான் இருந்தாள். பற்சக்கரத்துக்கும் சுவருக்கும் இடையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குப்பி, பாதி காலி.

"நீ ஏன் வந்த?" என்றாள். "வேற யாரையாச்சும் அனுப்புவேன்னு நெனச்சேன்."

மற்ற டவர்களில் யார் இருக்கிறார்கள் என்று உலகம்மை கேட்டாள். யாரும் இல்லை, அவள் மட்டும்தான். மற்றதெல்லாம் ஊர்க்காரர்கள் விட்டுப்போன வெறும் செருப்பு. வெறுங்காலோடு முள்ளும் கல்லுமான மணலில் நடந்து திரும்பிப் போயிருக்கிறார்கள்.

"இறங்கு தார்மி. ஒன்னயக் கும்பிடுதேன். அங்க என் ஊரே காலியாகப் போவுது."

"எங்க ஊரு போன வருசமே காலியாயிட்டு, அக்கா."

அவள் சொன்னது உலகம்மைக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் யோசிக்காமல் வைத்திருந்த விஷயம். காத்தாடி வந்தபின் ஆழத்து உப்புத்தண்ணீரை மின்சாரத்தால் இறைத்து, உப்பைப் பிரித்துக் குடிக்கக் கொடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் இறைத்த இறைப்பில் பழைய கைக்கிணறுகள் வற்றிவிட்டன. காற்றைத் திறந்துவிட்டால் இருபது நாள் மின்சாரம் இல்லை, தண்ணீரும் இல்லை. சேமித்த மின்சாரம் நகரங்களுக்குப் போகிறது. அந்த இருபது நாளைக்கு டேங்கர் லாரியில் தண்ணீர் வரும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. போன வருஷம் லாரிகள் தார் ரோடு முடிகிற இடம் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போயின. தார்மியின் அப்பா கல்கல்லோ, மிச்சமிருந்த ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு தூரத்துக் கிணற்றைத் தேடிப் போனார். ஒட்டகங்களில் சில திரும்பி வந்தன.

"காத்தத் திறக்காதன்னு நான் சொல்லல," என்றாள் தார்மி. "காத்து ஒங்களுக்கும் வேணும், தெரியும். மொதல்ல லாரி வரட்டும். ஊருக்குள்ள வரட்டும். எங்க குடம் ரொம்புனதும் நானே இறங்கி வந்து ஒங்க பொத்தான அமுக்குதேன்."

மதியத்துக்குள் திறக்காவிட்டால் தடை வந்துவிடும் என்று உலகம்மை சொன்னாள். தார்மி முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். உலகம்மைக்குக் கோபம் வந்தது. உன் ஊருக்கு நானா லாரி அனுப்பாமல் விட்டேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அதே சமயம், மேட்டூர் திறக்கவில்லை என்று மறியலில் உட்கார்ந்தவர்களைப் பற்றி வீட்டில் எத்தனை பெருமையாகப் பேசியிருக்கிறோம் என்பதும் ஞாபகம் வந்து தொலைத்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. காலுக்கடியில், மெல்லிய முனகலாக.

இருவருக்கும் அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். பற்சக்கரத்துக்கு எண்ணெய் தள்ளும் பம்பு. இறக்கையைத் திருப்புவதற்கு முன்னால் அது கொஞ்ச நேரம் ஓடும். எண்ணெய் ஏறியதும் சக்கரம் சுழலும்.

உலகம்மை தார்மியின் கையைப் பிடித்து இழுத்தாள். தார்மி எழ முயன்றாள், முடியவில்லை. ராத்திரி முழுக்க மடங்கிக் கிடந்த கால்கள் மரத்துப்போயிருந்தன. வெளியேறும் துளை ஒரு ஆள் அகலம்தான். உலகம்மை நினைத்திருந்தால் தான் மட்டும் வெளியே பாய்ந்திருக்கலாம். அவள் தார்மியின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தாள். இடம் போதவில்லை. எண்ணெய் வாசனை வந்தது. "அக்கா, நீ போ," என்றாள் தார்மி. உலகம்மை அவளை அசிங்கமாகத் திட்டினாள். திட்டிக்கொண்டே இழுத்தாள்.

பம்பு நின்றது.

சக்கரம் சுழலவில்லை. இருவரும் அப்படியே ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். தார்மிக்குப் பல் கிட்டித்தது. உலகம்மை அழுதாள்.

ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு இறங்கி முடித்தபோது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. வாசலில் தாணுலிங்கம் நின்றுகொண்டிருந்தார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து தானே ஜீப்பை ஓட்டி வந்திருக்கிறார்.

"தடை வந்துட்டு," என்றார். "முதல் காத்து போயிட்டு."

உலகம்மைக்குத் தம்பியின் நாற்று கண்முன் வந்தது. ஆனால் முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "நான் ரேடியோவுல சொன்னது கேக்கலையா அண்ணாச்சி?"

கேட்கவில்லை. அவளை எங்குமே காணோம் என்றதும், ரோட்டில் எங்கோ ரேடியோ எட்டாத இடத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவள் உறுதி சொல்லாமலே அமுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. பம்பை ஓட விட்டார். கடைசியாக ஒருமுறை கேமராக்களை வரிசையாகப் பார்த்தார்.

"ஊக்கு தெரிஞ்சுது," என்றார். "பத்தொம்பதுல. ஒன் ஊக்கு. கை நின்னுட்டு பிள்ளே."

"ஊக்கு இல்லன்னா?"

தார்மி பக்கத்தில்தான் நின்றாள். தன் பச்சைக் கயிற்றுச் செருப்பைப் பார்த்தாள், பக்கத்தில் கிடந்த ஊக்குச் செருப்பைப் பார்த்தாள், பிறகு தாணுலிங்கத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் தெரியும் என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார். தார்மி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கிழக்கே வெறுங்காலோடு நடந்து போனாள்.

அதற்குப் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. ஆவுடையப்பன் போனில் பேசினான். நாற்று கருகிவிட்டதாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் லாரியில் சாமான் ஏற்றுகிறார்களாம். ஆடி பிறக்கும் வரைக்கும் பார்த்துவிட்டு அவனும் கிளம்பிவிடுவான். "ஒண்ணும் செய்ய முடியலையாக்கா?" என்று கேட்டான். முடியவில்லை என்றாள். செருப்பைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் அவன் தார்மியைத் திட்டுவான், அதைக் கேட்க அவளால் ஆகாது.

ஆடிக்கு நாலு நாள் இருக்கும்போது தடை விலகியது. இன்னொரு காற்று வேகமும் மலையை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வருஷத்துக்கு அதுதான் கடைசி. மறுநாள் பொழுது சாய்வதற்குள் திறக்க வேண்டும்.

விடிந்ததும் தாணுலிங்கமும் உலகம்மையும் கேமராக்களின் முன்னால் உட்கார்ந்தார்கள். வாசலெல்லாம் செருப்பு. இந்த முறை உலகம்மையின் பிரிவில் மட்டுமல்ல, வரிசை முழுக்க. தாணுலிங்கம் ஒரு படத்தைப் பெரிதாக்கினார். பிறகு அடுத்ததை. பிறகு அதற்கும் அடுத்ததை.

ஒவ்வொரு செருப்பின் வாரிலும் ஒரு ஊக்குக் குத்தியிருந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து இதற்குள் மூன்று முறை அழைப்பு வந்துவிட்டது. நான்காவது முறை தாணுலிங்கம் எடுத்தார். ஏன் இன்னும் திறக்கவில்லை என்று கேட்டிருப்பார்கள்.

"மேல ஆள் இருக்கு சார்," என்றார். "எல்லாத்துலயும் ஆள் இருக்கு. தண்ணி லாரி எங்க நிக்குன்னு கேட்டுச் சொல்லுங்க. ரோடு வரைக்கும் வந்தா பத்தாது. ஊருக்குள்ள போகணும். போனதுக்கப்புறந்தான் என்னால அமுக்க முடியும்."

அந்தப் பக்கம் சத்தம் போட்டார்கள். ஓய்வுக்கு முந்தின வருஷத்தில் ஒரு மனிதரை எப்படியெல்லாம் மிரட்டலாமோ அப்படியெல்லாம் மிரட்டினார்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் லாரியைத்தான் கேட்கிறேன் என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் மண் பாதையில் புழுதி கிளம்பியது. லாரிகள் முக்கி முனகி ஊர்களுக்குள் போயின. அதன் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பெண்கள், கிழவர்கள், ஒட்டகத்தோடு வந்தவர்கள். அவரவர் டவருக்குப் போய், கல்லை நகர்த்தி, செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு திரும்பினார்கள். படங்களில் ஒவ்வொரு வாசலாகக் காலியானது.

ஒன்று மட்டும் மிஞ்சியது. பத்தொன்பதாம் டவரின் வாசலில் ஒரு பழைய டயர் செருப்பு, பெரிய ஆண்கால் அளவு. ஊக்கு மட்டும் புதுசு. யாரும் அதை எடுக்க வரவில்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இப்போது அமுக்கினால் காற்று ஒழுங்காகக் கிடைக்கும். உலகம்மைக்குத் தம்பியின் குரல் காதிலேயே இருந்தது. யாரோ மறந்துபோயிருப்பார்கள், அமுக்கிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்ததை அவள் சொல்லவில்லை. எழுந்து பூட்ஸை எடுத்தாள். தாணுலிங்கம் அவள் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே வைத்தார்.

"நீ பொத்தான்கிட்ட இரு. நான் போறேன்."

முட்டுவலிக்காரர். டவர் ஏறிப் பத்து வருஷமாகிறது. அவர் வாசலில் தன் தோல் செருப்பைக் கழற்றி, அந்த டயர் செருப்புக்குப் பக்கத்தில் விட்டு, மேலே ஒரு கல்லை வைத்ததை உலகம்மை கேமராவில் பார்த்தாள். அதன் பிறகு பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டு ஜோடிச் செருப்புகள், ஒரு மூடிய கதவு, நீண்டுகொண்டே போன டவரின் நிழல். காற்றின் வேகம் காட்டும் முள் ஏறி, உச்சத்தில் நின்று, மெல்ல இறங்கத் தொடங்கியது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கதவு திறந்தபோது கிட்டத்தட்ட இருட்டிவிட்டது. தாணுலிங்கம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார், மூச்சு வாங்கியது. அவருக்கு முன்னால் தார்மி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. குடத்துத் தண்ணீரை ஒரு குப்பியில் கொண்டுவந்திருந்தாள். அவரிடம் நீட்டினாள்.

"மேல யாரும் இல்லம்மா," என்றார் அவர்.

"தெரியும் அண்ணாச்சி. அது எங்க அப்பா செருப்பு."

தாணுலிங்கம் குப்பியை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தார்மி குனிந்து கல்லை நகர்த்தி, அப்பாவின் செருப்பை எடுத்து, புழுதியைத் தட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு அவருடைய தோல் செருப்பையும் எடுத்து அவர் காலடியில் நேராக வைத்தாள்.

வாசல் காலியானது. உலகம்மை பொத்தானை அமுக்கினாள்.